கினி பிக்குக்கு இடம் பார்க்கிறவர்

"உங்க வீட்ல பாம்பு இருக்கா? அதை மட்டும் சொல்லுங்க" என்கிறார் அம்மையார், கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு வெள்ளரிக்காய் நறுக்கியபடி. எதிர்முனை ஏதோ சமாளிக்கிறது. "அப்புறம் எதுக்குங்க எத்தனை கிராம் இருக்கும்னு கேட்டீங்க? கினி பிக் என்ன உருளைக்கிழங்கா?" பேச்சு அத்தோடு சரி. நறுக்கிய துண்டு கூண்டுக்குள் போகிறது. உள்ளேயிருந்து, வாலில்லாத குண்டு எலி மாதிரி இருக்கும் இரண்டின் விசில் சத்தம்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பார்க்கும் வேலை அவருக்கு. ஓட்டுநர் உரிமத்துக்காக எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துகொண்டு வரும் ஆட்களை அவர் ஒன்றும் சொல்வதில்லை. சத்தம் போடாமல் வேறு பலகையை மாட்டிவிடுவார். அவர்கள் பழைய பலகையையே கம்பீரமாக ஒப்பிப்பார்கள். "அருமை சார். கதவு எங்க இருக்குன்னாவது தெரியுதா?" என்பார்.

இந்தக் கண் வேலை செய்யாத ஒரே நாள், கினி பிக் வாங்கிய நாள். "ரெண்டும் பொண்ணுதான் மேடம், அடிச்சுச் சொல்றேன்" என்றான் விற்றவன். அடித்துச் சொன்னதில் ஒன்று ஆண். வீடு நிறையக் குட்டிகள். கணவருக்கோ ரோமம் ஒத்துக்கொள்ளவில்லை. மூச்சு இழுக்கத் தொடங்கியது; வீட்டில் இவை இருக்கவே கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். குட்டிகள் ஒவ்வொன்றாகப் போயின, தகப்பனும் போனான். தாயும் ஒரு மகளும் மட்டும் மிச்சம். இவற்றைப் பிரிக்கக் கூடாது என்பது அம்மையாரின் சட்டம். இரண்டுக்கும் சேர்த்து ஒரு வீடு கிடைக்கும்வரை கணவருக்குப் படுக்கை பால்கனியில்.

வருகிறவர்கள் முதலில் கை கழுவ வேண்டும். பிறந்தநாள் பரிசு என்று வாய் தவறிச் சொன்னால் போச்சு. "குழந்தைக்கு சர்ப்ரைஸா கொடுக்கலாம்னு..." என்று ஒருவர் இழுத்தார். "கொடுங்க. பலூன் கொடுங்க" என்று கதவைத் திறந்து விட்டார். இதையெல்லாம் தாண்டியவர்களின் மடியில் தாயை வைத்துவிட்டு, தேநீர் போடுவதாக உள்ளே போவார். பளபளக்கும் எவர்சில்வர் கெட்டிலில் கூடம் முழுக்கத் தெரியும். செல்ஃபி எடுத்தவர்களுக்குத் தேநீர் வராது.

"என்னைக் கட்டிக்கும்போது இதுல பாதி கேள்விகூட நீ கேக்கலையேம்மா?" என்று பால்கனியிலிருந்து இழுப்போடு ஒரு குரல்.

"அதனாலதாங்க இப்ப உஷாரா இருக்கேன்."

போன ஞாயிறு ஒரு மெக்கானிக் வந்தார். கணவரின் அதே உயரம், அதே தொப்பை. பால் வாங்கக் கீழே போயிருந்த கணவரும் அவரோடு சேர்ந்தே படியேறி வந்தார், பால் இல்லாமல்.

"கை கழுவணும்க்கா" என்றபடியே நுழைந்தார் மெக்கானிக். துடைத்துக்கொண்டு உட்கார்ந்தவர், மூச்சு விடாமல் தொடர்ந்தார்: "பாம்பு இல்ல. பூனை இல்ல. யாருக்கும் பரிசு இல்ல. ரெண்டையும் சேர்த்துதான் வாங்கிப்பேன்."

அம்மையார் இன்னும் வாயே திறக்கவில்லை. கணவரைத் திரும்பிப் பார்த்தார். கணவர் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

சரி, பலகையை மாற்றிவிட வேண்டியதுதான். தாயை மெக்கானிக்கின் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனவர், தேநீர் கொதித்து இறங்கிய பிறகும் வெளியே வரவில்லை. கெட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார். மெக்கானிக்கின் சட்டைப்பையில் கைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது. மனிதர் அசையவே இல்லை. இந்தப் பதிலைக் கணவர் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது.

தேநீரோடு வந்தார். "அக்கா, மெதுவா... தூங்கிடுச்சு" என்றார் மெக்கானிக், உதடு மட்டும் அசைய. மடியில் அது தலையைப் பொதித்துக் கிடந்தது. வெளிர்நிறப் பேன்ட்டில் தொடையிலிருந்து முழங்கால்வரை ஈரம்.

"ஐயோ, எப்ப போச்சு?"

"வச்ச உடனேயே."

"எழுந்திருக்க வேண்டியதுதானே!"

"எழுந்தா முழிச்சுக்குமே? இதுக்கு என்ன செய்யணும்னு கீழ அண்ணன் சொல்லலைங்க."

அண்ணன் இருமினார். மூச்சிழுப்பு இருமல் அல்ல அது.

அம்மையார் சிரிக்கவில்லை. அட்டைப்பெட்டியில் காய்ந்த புல்லைப் பரப்பி, மகளை முதலிலும், தூக்கம் கலையாமல் தாயைப் பிறகும் உள்ளே வைத்தார். கொஞ்ச நேரம் பெட்டியின் மேலேயே கை இருந்தது. பிறகு விறுவிறுவென்று படுக்கையறைக்குப் போய் அலமாரியைத் திறந்தார். கையில் கணவரின் பேன்ட், இன்னும் ஒரு முறைகூட உடுத்தாதது.

"ஏம்மா, அது புதுசு..." என்று கணவர் பதறினார்.

அம்மையார் அதில் தொங்கிய விலைச்சீட்டைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, பேன்ட்டை மெக்கானிக்கின் தோளில் போட்டார்.