முன்கைத் தோலில் ஒரு நாக்கு

பேருந்து நிலையத்தின் விசாரணைச் சன்னலில் உட்கார்ந்திருந்தவளுக்கு ‘ரேடியோ’ என்று பெயர் விழுந்துவிட்டது. கேட்டவர் வாயை மூடுமுன் பதில் வந்துவிடும். கூடவே கேட்காத இரண்டு சேதியும் வரும். அவள் கணவர் அதே நிலையத்தில் பேருந்து ஓட்டுநர். நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். வீட்டில் அவருக்கும் சேர்த்து அவளே பேசினாள்.

நாக்கின் ஓரத்தில் வந்த புண் இரண்டு மாதமாகியும் ஆறவில்லை. பல் உரசுகிறது என்று அவள் தள்ளிப்போட்டாள். சோதித்ததில் புற்றுநோய் என்று தெரிந்தது. பாதி நாக்கை எடுத்தாக வேண்டும் என்றார் அறுவை மருத்துவர். எடுத்த இடத்தில் இடது முன்கைத் தோலை அதன் ரத்தக்குழாயோடு பெயர்த்து வைத்து, அந்தக் குழாயைக் கழுத்து ரத்தக்குழாயோடு மைக்ராஸ்கோப்பில் பார்த்து, தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைப்போம் என்று அந்த அம்மா நிதானமாக விளக்கினார்.

“பேச்சு வருமா டாக்டர்?”

“வரும். முதல்ல குழறும். பழகப் பழகத் தெளியும்.”

ஒன்பது மணி நேரம் ஆயிற்று. கண் விழித்தபோது தொண்டையில் குழாய். கையில் ஒரு சிலேட்டைக் கொடுத்திருந்தார்கள். மணிக்கொரு தரம் நர்ஸ் வந்து டார்ச் அடித்து, புது நாக்கின் நிறம் பார்ப்பாள். ரத்தம் ஓடுகிறதா என்று ஊசியால் மெல்லக் குத்துவாள். சிவப்பாக ஒரு சொட்டு எட்டிப்பார்த்த பிறகுதான் அவள் முகம் தெளியும்.

தவித்துப்போனவர் கணவர்தான். கல்யாணமான பத்தொன்பது வருடத்தில் அவள் பக்கத்தில் அப்படியொரு மௌனத்தை அவர் கண்டதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, தான் ஓட்டும் வழியை நிறுத்தம் நிறுத்தமாகச் சொல்லத் தொடங்கினார். மலை வளைவில் எதிரே லாரி வந்தால் இன்றைக்கும் உள்ளங்கை வேர்க்கும் என்றார். அது அவளுக்குப் புதுச் செய்தி. இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று சிலேட்டில் எழுதிக் காட்டினாள்.

“நீ எங்க இடம் குடுத்த?”

சிரிக்க முடியவில்லை. கண்ணோரம் நனைந்தது. அவர் துடைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தபின் தினமும் கண்ணாடி முன்னால் பயிற்சி. ‘பழம்’ வெகுநாள் ‘பயமாக’வே இருந்தது. கைத்தோல் தன் குணத்தை விடாமல் நாக்கில் இரண்டு முடிகூட முளைத்தது. இனிமேல் நாக்குக்கும் சீப்பு வாங்க வேண்டும் என்று அவளே குழறிக் குழறிச் சொல்லி அவரைச் சிரிக்கவைத்தாள்.

ஏழாம் மாதம் வேலைக்குத் திரும்பினாள். முதலில் வந்த பெரியவர் நடைமேடை எண் கேட்டார். “ஏயு” என்றாள். அவருக்குப் புரியவில்லை. ஏழு விரலை நீட்டிக் காட்டினாள்; தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்தவருக்கு மூன்று தரம் சொன்னாள். உச்சிவேளைக்குள் களைத்துவிட்டாள்.

வரிசையில் அடுத்து, காக்கிச் சட்டையோடு அவள் கணவர் நின்றார். முன்பின் தெரியாத பயணி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, மலைப்பாதை வண்டி எப்போது கிளம்பும் என்று கேட்டார்.

“டிரைவர் வந்தா கெளம்பும்” என்றாள். ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக வந்தது.

அவர் நன்றி சொல்லிவிட்டு வண்டியை எடுக்கப் போனார்.