பனி காயாத நாற்றங்கால்

என் பயிற்சிச் சான்றிதழில் ஒரு வரி இருக்கிறது: ‘கிராம மக்களுடன் நன்கு பழகக்கூடியவர்.’ அதை எழுதிய அதிகாரி நல்ல மனிதர். பொய் எழுதுகிறவர் இல்லை, தனக்குத் தெரிய வந்ததை எழுதினார். அந்தக் காகிதத்தை நான் எடுத்துப் பார்ப்பதே இல்லை. பார்த்தால் எரிச்சல்தான் வரும், அவர் மேல் அல்ல.

அறுபதுகளின் தொடக்கம் அது. கிராம சேவிகா வேலைக்கு வகுப்புப் படிப்பை முடித்ததும், ஏற்கெனவே வேலையில் இருக்கும் ஒரு சேவிகாவோடு நாலு மாதம் ஊர் ஊராகச் சுற்றிப் பழக வேண்டும். எனக்கு ரெட்டியார்சத்திரம் கிடைத்தது. மாதர் சங்கம் நடத்துவது, பிள்ளை பெற்றவர்களுக்கு என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது, வீட்டுக்கு வீடு காய்கறித் தோட்டம் போட வைப்பது, இதுதான் வேலை. நான் எரியோட்டுப் பக்கம் உழுது பிழைக்கும் சம்சாரி வீட்டுப் பெண். கிராமத்தைப் பற்றி எனக்கு யார் என்ன சொல்லிக்கொடுப்பது என்ற திமிரோடுதான் போய் இறங்கினேன்.

என்னோடு இருந்த சேவிகாவை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். என்னைவிட ஆறு வயதுதான் மூத்தவர். பிளாக் ஆபீஸுக்குப் பின்னால் ஒரே அறையில் இருந்தோம். அவர் சோறு வடிப்பார், நான் வெஞ்சனம் வைப்பேன். என் திமிரை முதல் நாளே கண்டுகொண்டார். “ஏ புள்ள, நோட்டீசக் கையில வச்சுக்கிட்டு வாசல்ல நின்னு பேசாத. முதல்ல அடுப்படிக்குள்ள போ. அங்கன விட்டாகன்னா அப்புறம் நீ சொல்றதக் கேப்பாக,” என்றார். நாங்கள் போய்வந்த ஊரில், மாதர் சங்கத் தலைவியின் அடுப்படிக்குள் நுழைய அவருக்கே இரண்டு வருஷம் பிடித்திருந்தது. என்னை ஒரே மாதத்தில் ‘டீச்சரம்மா’ என்று கூப்பிட்டு, அங்கே பலகை போட்டுச் சோறு வைத்தார்கள். அக்கா சிரித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

தலைவி வீட்டுக் கிணற்றடியில் தக்காளி நாற்றங்கால் போட்டோம். சங்கத்து வீடுகள் அத்தனைக்கும் அங்கேயிருந்துதான் நாற்று போக வேண்டும். அதற்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. வீட்டுக்குத் தூரமான பெண்கள், மாதத்தில் அந்த மூன்று நாளும், நாற்றங்கால் பக்கமே வரக்கூடாது. வந்தால் நாற்று கருகிவிடுமாம். தலைவி இதைச் சொன்னபோது அக்கா தலையாட்டினார், நானும் ஆட்டினேன். வகுப்பில் படித்தது ஒன்று, தலையாட்டியது வேறொன்று.

நாற்றுக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு பெண் வருவாள். என் வயதுதான் இருக்கும். புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள். அந்த வீட்டு வேலையை நம்பித்தான் அவள் வீட்டில் உலை வைத்தார்கள்.

மார்கழியில் ஒரு நாள் அக்காவுக்கு வேறு ஊரில் வேலை வந்தது. நாற்றுக்கு அமோனியா உரம் போடுவதை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். சீனி மாதிரி வெள்ளையாக இருக்கும் அந்த உரம். முதல் பஸ்ஸில் போய் இறங்கி நடந்துகொண்டிருக்கும்போதே எனக்குத் தூரமாகிவிட்டது. கையில் துணி இல்லை. கிணற்றடியில் அந்தப் பெண் மட்டும் இருந்தாள். கூச்சத்தை விட்டு அவளிடம் கேட்டேன். அவள் தன் குடிசைக்கு ஓடிப்போய், பழஞ்சேலை ஒன்றைக் கிழித்துக்கொண்டு வந்தாள்.

“மாட்டுக் கொட்டத்துக்குப் பின்னால போங்க டீச்சரம்மா. ஒருத்தரும் வராம நான் பாத்துக்கிறேன்,” என்று காவலுக்கும் நின்றாள்.

அப்போதே திரும்பியிருக்கலாம். ஆனால் வந்த வேலையை விட்டுவிட்டு ஏன் போகிறாய் என்று தலைவி கேட்பார். உள்ளதைச் சொன்னால் இந்த நிலையில் கிணற்றடிக்கு ஏன் வந்தாய் என்பார். அடுப்படிப் பலகை அத்தோடு போய்விடும். அதிகாரி நாற்றங்காலைப் பார்க்க வருவதாக வேறு இருந்தது. தலைவி பால் கறந்து முடித்துவிட்டு வருவதற்குள் வேலையை முடித்து எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று அள்ளி அள்ளித் தூவினேன். இலையெல்லாம் பனி சொட்டச் சொட்ட நின்றது. பனி காய்ந்த பிறகுதான் உரம் போட வேண்டும், ஈர இலையில் ஒட்டினால் இலை வெந்துபோகும் என்று வகுப்பில் எழுந்து நின்று பதில் சொன்னவளே நான்தான்.

நாலாம் நாள் அக்காவோடு போனேன். நாற்றங்காலில் பாதிக்கு மேல் கருகிக் கிடந்தது. தலைவி வரப்பில் நின்றுகொண்டிருந்தார். எதிரே அந்தப் பெண் குடத்தோடு நின்றாள்.

“உள்ளதச் சொல்லுடி. தூரத்தோட வந்தியா?”

“இல்ல தாயி. எனக்கு இன்னும் நாள் கிடக்கு.”

“பின்ன யாரால கருகுச்சு? என்னாலயா, டீச்சரம்மாவாலயா?”

அவள் என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவைதான். நான் குனிந்து கருகிய இலை ஒன்றைக் கிள்ளி எடுத்து, ஏதோ ஆராய்ச்சி செய்கிறவள் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தேன். “நான் அப்படி வரல தாயி,” என்று மறுபடியும் சொன்னாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் போ, இனி இந்தப் பக்கம் வராதே என்று அவளிடம் சொன்னார் தலைவி. இறக்கி வைத்துவிட்டுப் போனாள்.

பஸ்ஸுக்கு நடக்கும் வழியில் அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் அப்படியே மைல் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

“துணி விசயம் வேற யாருக்குத் தெரியும்?”

“அவளுக்கு மட்டுந்தான்.”

“அவ சொல்லல. நீயும் சொல்லாத. சேவிகாவே தூரத்தோட நாத்தங்கால மிதிச்சான்னு தெரிஞ்சா நம்மள ஒரு வீட்டுலயும் வாசப்படி ஏத்த மாட்டாக. ரெண்டு வருசப் பாடு புள்ள இது.”

அவர் கெட்டவர் இல்லை. அவர் பேச்சைக் கேட்டுத்தான் அந்த ஊர்ப் பிள்ளைத்தாய்ச்சிகள் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். அது கெட்டுவிடக் கூடாது என்றுதான் வாயை மூடிக்கொண்டேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சுத்தப் பொய். எனக்குச் சான்றிதழ் வேண்டியிருந்தது. அந்தப் பலகையில் உட்கார்ந்து சாப்பிடும் பெருமையும் வேண்டியிருந்தது.

ஒரு வாரம் தூக்கம் பிடிக்கவில்லை. பிறகு தனியாகப் போய்த் தலைவியிடம் பாதியைச் சொன்னேன். பனி ஈரத்தில் உரத்தைப் போட்டுவிட்டேன், அதனால்தான் கருகியது, அவள் மேல் தப்பில்லை, அவளை மறுபடியும் வேலைக்குக் கூப்பிடுங்கள் என்று. தலைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பனி பட்டா பயிரு கருகும்? நாங்க பாக்காத பனியா? அவளுக்காகப் பரிஞ்சுக்கிட்டு பழியத் தூக்கி உங்க தலையில போடுறீக. இம்புட்டு நல்ல மனசு யாருக்கு வரும்? செத்த நேரம் உக்காருங்க, மோரு தாரேன்.”

அன்று தூரத்தோடு வந்தவள் நான்தான் என்ற மிச்சப் பாதியையும் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். ஒரே ஒரு வாக்கியம் போதும். மோரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

மறுபடி விதைத்து, மறுபடி நாற்று வந்தது. வேறொருத்தி தண்ணீர் ஊற்றினாள். அதிகாரி வந்தபோது தலைவி நாற்றைக் காட்டியதைவிட என் நல்ல மனசைப் பற்றித்தான் அதிகம் பேசினார். சான்றிதழில் அந்த வரி வந்தது அப்படித்தான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாராட்டும் பாவத்தோடு சேர்ந்து என்னிடமே வந்தது.

கடைசி நாள் அந்த ஊரில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றேன். ரோட்டோரம் அவள் விறகுக் கட்டோடு வந்தாள். அந்த வீட்டில் நிறுத்திய பிறகு வேறு எந்தத் தோட்டத்திலும் அவளைச் சேர்க்கவில்லை என்று எனக்கு முன்பே தெரியும். கரட்டு மேட்டுப் பக்கம் போய் விறகு பொறுக்கி விற்கிறாள் என்பதும் தெரியும். மெலிந்து போயிருந்தாள். கிட்டே வந்ததும் என்னால் அடக்க முடியவில்லை.

“நான் துணி கேட்டத அன்னைக்கு ஏன் நீ சொல்லல? சொல்லியிருந்தா உன் வேலை போயிருக்காதே?”

அவள் பதறிப்போய் முன்னும் பின்னும் பார்த்தாள். டீக்கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள்.

“மெதுவாப் பேசுங்க டீச்சரம்மா,” என்றாள். “யாரு காதுலயாச்சும் விழுந்துறப் போகுது. உங்களுக்குத்தான அசிங்கம்.”

பஸ் வந்தது. நான் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.