பத்திலிருந்து கீழே

பரமட்டா கிளப்பில் ஞாயிறு மதியங்களில் போக்கர் போட்டி நடத்தியவர் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். நரைத்த மீசை, தேய்த்து மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. யாராவது சீட்டை வைத்துக்கொண்டு யோசித்தபடியே இருந்தால் மற்றவர்கள் அவரைக் கூப்பிடலாம். அவர் வந்து பத்திலிருந்து கீழே எண்ணுவார். பூச்சியம் வந்தால் அந்த ஆளின் சீட்டுப் போச்சு. ஆனால் ஒவ்வோர் எண்ணுக்கும் நடுவே நீளமாக மூச்சு விடுவார். ஒருநாள் அவர் நான்கில் நின்றபோது எனக்குப் பொறுமை போய்விட்டது.

"கெதியா எண்ணுங்கோ அண்ணை."

அவர் என்னைப் பார்க்கவில்லை.

"சண்டை நேரம் ஆமிக்காரங்கள் பத்து எண்ணுறதுக்குள்ள பங்கர்க் குழியை விட்டு வெளியில வரச் சொன்னவங்கள், தம்பி. நான் ஏறி வந்திட்டன். அம்மா வரமுதல் கெதியா எண்ணி முடிச்சிட்டாங்கள்."

பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

"மூண்டு."

அடுத்த எண்ணை அவர் சொல்லவே கூடாது என்றிருந்தது எனக்கு.