வளைவில் ஒரு கை தண்ணீர்

இன்று காலை தங்கை மகள் தன் போனுக்கு யாரோ அனுப்பிய வீடியோவைக் காட்டி, "பெரியம்மா, இது ஒங்க கொரல்தான?" என்றாள். மலை, வெயில் படும் ஆறு, வள்ளத்தின் நுனியில் வள்ளக்காரர் செல்லையா அண்ணன். குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடிக்கிறார். பின்னால் ஒருத்தி, "பாருங்க, எங்க ஆத்துத் தண்ணி அம்புட்டுச் சுத்தம்" என்கிறாள். நான்தான். நல்லவேளை, வீடியோவில் வாடை வராது.

ஆரம்பத்தில் அந்தத் தண்ணீருக்கு ஈரக்கல்லின் மணம் இருந்தது. ஏலப்பாறை எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் துரு வாடைக் குழாய்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவள் நான். தேயிலை பேக்டரியை விட்டுவிட்டு, சுற்றுலா வள்ளத்தில் ஊர்க்கதை சொல்லும் வேலைக்கு வந்தேன். நீச்சல் தெரியாது. பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஆற்றின் பெருமையை வாய் கிழியப் பேசுவேன். அண்ணன் மூங்கில் கழி ஊன்றுவார். அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரியும். நான் வாயை மூடினால் கழி தண்ணீரில் இறங்கும் சத்தம் மட்டும்தான். அழுத குழந்தைகூடத் தூங்கிவிடும்.

மூங்கில் காட்டு வளைவு வந்ததும் அண்ணன் கழியை நிறுத்தி ஒரு கை அள்ளிக் குடிப்பார். தாகத்துக்குக் குடித்ததுதான். அதைக் காட்சியாக்கியது நான். வந்தவர்களும் ஆசையாக அள்ளிக் குடித்தார்கள். அதன்பின் அண்ணனுக்குத் தாகமா என்று நான் கேட்டதே இல்லை.

பிறகு மேலே தங்கும் விடுதிகள் வந்தன. அவற்றின் குழாய்கள் புதருக்குள் நுழைந்து ஆற்றில் முடிந்தன. பார்வைக்குத் தண்ணீர் அப்படியேதான் இருந்தது. ஒருநாள் வளைவில் அண்ணன் அள்ளியதை முகர்ந்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"தாயி, தண்ணி ஒரு மாதிரி நாறுது. இன்னைக்கு வேண்டாமே."

எனக்கும் வாடை வந்தது. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, நன்றாகவே வந்தது. எதிரே ஒரு கோயம்புத்தூர்க் குடும்பம் போனைத் தூக்கிப் பிடித்திருந்தது.

"ஒரு வாய்தானண்ணே" என்றேன்.

குடித்தார். அந்தக் குடும்பத்தில் ஒருவரும் குடிக்கவில்லை. கையில் தண்ணீர் பாட்டில் வைத்திருந்தார்கள்.

அடுத்தடுத்த நாட்களிலும் நான் தடுக்கவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் அவர் கண் மஞ்சளாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் வயிறு ஊதிப் படுத்திருந்தார்.

"எங்க தண்ணி குடிச்சேன்னு டாக்டர் கேட்டாரு. வீட்டுத் தண்ணிதான்னுட்டேன். ஆத்துத் தண்ணின்னா வள்ளத்த நிறுத்திருவாங்க. அப்புறம் நீ எங்க போவ, தாயி?"

ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். டாக்டரிடம் நானும் வாயைத் திறக்கவில்லை, வேலை போய்விடும் என்ற பயம். அடுத்த வாரம் அண்ணன் போய்விட்டார்.

இப்போது வள்ளம் இல்லை, மோட்டார் படகுதான். அந்த வளைவை மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிறார்கள். இதைக் குடித்தோம் என்றால் தங்கை மகளே நம்ப மாட்டேன் என்கிறாள். வீடியோவுக்குக் கீழே யாரோ கேட்டிருக்கிறார்கள், இது எந்த ஊர், குழந்தைகளோடு போகலாமா என்று. நிறுத்து என்று நான் சொல்வதற்குள் அது மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கிவிட்டது. "பாருங்க" என்கிறேன். அண்ணன் குனிகிறார்.