முளைகளை அழித்துவிட்டார்கள்

அந்தப் படத்துக்கு என் மதினிதான் உட்கார்ந்தார். அண்ணன் மனைவி, பரளச்சியில் மானாவாரி நிலத்தில் பாடுபடுகிறவர். ஒரு கோடை விடுமுறையில், தண்ணீர் வற்றி வெடித்துக் கிடந்த கண்மாய்க்குள் அவரை உட்காரவைத்து வரைந்தேன். படத்தில் அவர் கால்களுக்கிடையிலிருந்து இறங்கும் சிவப்பு, மண் வெடிப்புகளுக்குள் ஓடுகிறது. ஓடிய இடமெல்லாம் குதிரைவாலி முளைத்திருக்கிறது. முடித்துக் காட்டியபோது வெகுநேரம் பார்த்தார். "மொகம் அப்படியே என்னய மாதிரியே இருக்கு. இருக்கட்டும்" என்றார்.

நான் அருப்புக்கோட்டையில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியை. படத்தை இணையத்தில் போட்டு, அனுமதி என்ன என்பதையும் கீழே எழுதினேன். மாதவிலக்கைப் பற்றிப் பேசுகிற இடங்களில் யாரும் காட்டலாம், விற்கக் கூடாது, என் பெயர் இருக்க வேண்டும், எதையும் மாற்றக் கூடாது. திருச்சுழிப் பக்கத்துச் செவிலியர் ஒருவர் அதைப் படித்த பிறகும் போன் செய்து, "எங்க ஊருப் பொம்பளப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா டீச்சர்?" என்று கேட்டார். காட்டினார். பிள்ளைகள் முதலில் வாயைப் பொத்திச் சிரித்தார்களாம். பிறகு கேள்வி மேல் கேள்வியாம்.

அந்த வருடம் ஐப்பசி முடிந்தும் மழை இல்லை. மல்லாங்கிணறு போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். ஓர் ஊருக்குப் பாதை பிரியும் விலக்கில் பஸ் நின்றது. எதிரே ஃபிளெக்ஸ் பேனரில் மதினி உட்கார்ந்திருந்தார்.

முளைகள் இல்லை. ஒன்றுவிடாமல் அழித்திருந்தார்கள். சிவப்பைக் கறுப்பாக்கியிருந்தார்கள். என் பெயர் இருந்த மூலையில் ஒரு சூலம். மேலே பெரிய எழுத்தில், 'தீட்டோடு திரிந்தால் மழை திரும்பாது.' வைத்தவர் பெயர் எங்கும் இல்லை. பக்கத்து சீட்டு அம்மா அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடுத்த ஊரிலும் அதே பேனர்.

நான் இறங்குவதற்குள் மதினியே போனில் கூப்பிட்டுவிட்டார். "ஏத்தா, இங்கயும் கட்டியிருக்காக. கோயிலுக்கு முன்னாடியே."

குரலில் அழுகை இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

குழாயடியில் அவர் குடம் வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை நகர்த்தினார்கள். நூறு நாள் வேலையில் அவருக்குப் பக்கத்தில் யாரும் மண்வெட்டி பிடிக்கவில்லை. யாருடைய மாடோ செத்ததற்கு, அவர் நடந்துபோன பாதையைக் காட்டினார்கள்.

பேனரின் அடியில் பொடி எழுத்தில், அச்சடித்த கடையின் பெயர் மட்டும் இருந்தது. அதைத் தேடிப் பாளையம்பட்டிக்குப் போனேன்.

"போன்ல வந்த படம் டீச்சர். போன்ல வந்தா எல்லாருக்கும் பொதுதான?" என்றார் கடைக்காரர்.

"பொது இல்ல. நான் வரைஞ்சது. காட்டலாம்னுதான் சொன்னேன், மாத்தலாம்னு சொல்லல. யாரு குடுத்தாக?"

அவர் ரோட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினார். "அவுக பேரு உங்களுக்கு வேணாம். நல்லதுக்குச் சொல்றேன், விட்ருங்க."

என்னோடு படித்தவள் ஒருத்தி கோர்ட்டில் வக்கீலாக இருக்கிறாள். அவளிடம் போனேன். "சும்மா குடுத்தாலும் படம் உன்னோடதுதான்டி. அதச் செதச்சு அர்த்தத்தையே மாத்த எவனுக்கும் உரிமை கெடையாது" என்றவள், அன்றைக்கே கடைக்கு நோட்டீஸ் அனுப்பினாள். சில நாளில் பேனர்கள் இறங்கிவிட்டன. யார் அவிழ்த்தார்கள் என்று கேட்டால், பார்த்தவர் ஒருவரும் இல்லை.

பரளச்சிக்குப் போனேன். மதினி முற்றத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார்.

"படத்தயே எடுத்துர்றேன் மதினி. இல்லாட்டி மொகத்தையாச்சும் மாத்திர்றேன்."

அவர் சுளகை நிறுத்தவில்லை. "நீ எடுத்துட்டா அவுக அழிச்சதுதான மிஞ்சும்? மொளையோட ஒண்ணு எங்கயாச்சும் கெடக்கணும்ல. மொகத்தத் தொடாத."

வாசலில் ஒரு பைக் மெதுவாகப் போனது. தெருக்கோடியில் திரும்பி, அதைவிட மெதுவாக வந்தது. அண்ணன் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். பட்டப்பகலில் அந்த வீட்டுக் கதவு சாத்தி நான் பார்த்ததே இல்லை.

கார்த்திகைக் கடைசியில் மழை இறங்கியது. குழாயடியில் மதினியிடம் மறுபடி பேச்சுக் கொடுத்தார்கள், நடுவில் எதுவுமே நடக்காததுபோல. அவரும் பதில் சொன்னார்.

பிறகு ஒரு சாயங்காலம், தெரியாத நம்பரிலிருந்து என் போனுக்கு ஒரு படம் வந்தது. அதே வெடித்த கண்மாய், அதே கறுப்பு. இந்த முறை முகம் மதினியுடையது இல்லை, என்னுடையது. பள்ளி ஆண்டுவிழாப் போட்டோவிலிருந்து வெட்டி ஒட்டியிருந்தார்கள். கீழே ஒரு வார்த்தைகூட இல்லை.

வக்கீலுக்கு அனுப்பி, "இதையும் சேத்துக்கோ" என்று எழுதினேன். இணையத்தில் என் படம் முளைகளோடு இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன். இருந்தது.

காலையில் பள்ளிக்குப் போக டவுன் பஸ் ஏறினேன். எல்லோர் கையிலும் போன் இருந்தது. ஒருவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு தன் போனைப் பார்த்தார்.