கணக்கு டீச்சர் வரைந்த படங்கள்

கணக்கு டீச்சருக்கு ஒற்றைத் தலைவலி கல்யாணத்துக்கு முன்பிருந்தே உண்டு. மறைக்கக் கூடாது என்று பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையிடம் அவரே போட்டு உடைத்துவிட்டார். வலிக்கு முன்னால் கண்ணெதிரே வெளிச்சக் கோடுகள் மின்னும், கோட்டைச் சுவர் மாதிரி மடங்கி மடங்கி நிற்கும் என்றதும், அந்த மனுஷன் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டான்.

“எத்தனை மூலைன்னு எண்ணியிருக்கீங்களா?”

தன் பேச்சை இவ்வளவு அக்கறையாகக் கேட்ட ஆண்பிள்ளையை டீச்சர் அதுவரை பார்த்ததில்லை. அங்கேயே விழுந்துவிட்டார். பாவம்.

அவனுக்குத் தொழில் ஆதிக் கிறிஸ்தவ ஏடுகளை ஆராய்வது. பாலைவனத்தில் தனியே கிடந்த துறவிகள் ஜெபத்தில் கண்டதாக எழுதி வைத்த ஒளிச் சக்கரங்களும் மதில்களும்தான் அவனுக்குச் சோறு தண்ணி எல்லாம். அவை வானத்திலிருந்து இறங்கியவை இல்லை, மூளையே வரைந்து காட்டியவை என்பது அவன் கட்சி. அதைச் சாதிக்க வடிவியல் தெரிய வேண்டும், அந்தக் கோடுகளைப் பார்க்கிற ஒரு மூளையும் வேண்டும். இரண்டும் ஒரே ஆளாக வீட்டுக்குள் வந்து சேர்ந்தால் சும்மா விடுவானா?

டீச்சருக்குக் கண்ணில் கோடு மின்னினால் போதும், வெள்ளைத் தாளும் கோணமானியுமாக வந்து நிற்பான்.

“அந்த மூலை கூரா இருக்கா, மழுங்கலா இருக்கா? நல்லாப் பாத்துச் சொல்லும்மா.”

டீச்சர் ஒரு கையால் நெற்றியை அழுத்திக்கொண்டு மறு கையால் வரைவார். வரைந்து முடித்ததும் தாளோடு தன் அறைக்குள் போய்விடுவான். அதற்கப்புறம் வாளியில் வாந்தி எடுப்பதும், திரையை இழுத்துவிட்டு இருட்டில் கிடப்பதும் டீச்சரின் சொந்த விஷயம். அதில் ஆராய என்ன இருக்கிறது?

வீணாய்ப் போகிற வலி அறிவுக்காவது உதவட்டும் என்று டீச்சரும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அடிக்கடி லீவு போட்டதில் துணைத் தலைமையாசிரியர் பதவி கைநழுவிப் போனது. அப்போதுகூட ஸ்டாஃப் ரூமில் புருஷனின் ஆராய்ச்சியைப் பற்றிப் பெருமையாகத்தான் பேசினார்.

படங்களைப் பார்த்து அவனுக்கு யோசனை சொல்லும் மூளை டாக்டர் ஒருவர் இருந்தார். ஒரு நாள் அவர் வீட்டுக்கு வந்தபோது புருஷன் குளித்துக்கொண்டிருந்தான்.

“உங்களுக்கு ரொம்பப் பெரிய மனசு அண்ணி,” என்றார் டாக்டர். “வலி வராம இருக்க மாத்திரை இருக்குன்னு நான் அப்பவே சொன்னேன். ஆராய்ச்சி கெட்டுப்போகும், வேண்டாம்னுட்டீங்களாமே.”

“எந்த மாத்திரை?” என்றார் டீச்சர்.

டாக்டரின் முகம் செத்துப்போனது. குளியலறையில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

டீச்சர் சண்டை போடவில்லை. போட்டால் என்ன வரும் என்று தெரியும்: “புத்தகம் முடியட்டும்மா.” டாக்டரிடமே மருந்துச் சீட்டு வாங்கி, புருஷனிடம் மூச்சுவிடக் கூடாது என்று அவர் வாயையும் அடைத்தார். அந்த மனிதர் அதோடு அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. சில மாதங்களில் வலி நின்றது, கோடுகளும் நின்றன. தலை என்பது இவ்வளவு லேசான பொருளா என்று டீச்சர் பஸ்ஸில் உட்கார்ந்து அழுதார். போன வருஷங்களை யார் திருப்பித் தருவது?

பிறகு அவனுக்கு ஒரு பரீட்சை வைத்தார்.

“கோடு வருதுங்க,” என்பார். தாளோடு ஓடி வருவான். நெற்றியைப் பிடிக்காமல், முகம் சுளிக்காமல், மனதுக்குத் தோன்றியதை, கண்ணில் பட்டதை வரைந்து நீட்டுவார். வாளியும் இல்லை, இருட்டறையும் இல்லை. அவன் கண்ணெதிரிலேயே பாட்டை முணுமுணுத்துக்கொண்டு துணி மடிப்பார். நீ ஏன் படுக்கவில்லை என்று ஒரே ஒரு முறை கேட்டிருந்தால் எல்லாவற்றையும் சொல்லியிருப்பார், மன்னித்தும் தொலைத்திருப்பார். அவன் தாளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

புத்தகம் வந்தது. வெளியீட்டு விழாவில் டீச்சர் அண்மையில் வரைந்த ஒரு படத்தைத் திரை முழுக்கக் காட்டி, துறவி எழுதியதோடு இது அச்சு அசலாகப் பொருந்துகிறது என்றான். அரங்கம் கைதட்டியது. முன்வரிசையில் டீச்சரும் தட்டினார்.

திரும்பும்போது காரில் அவன் நெற்றியைச் சுருக்கினான்.

“அடுத்த புத்தகத்துக்கு இன்னும் படம் வேணும்மா. இப்பல்லாம் முன்ன மாதிரி அடிக்கடி வர மாட்டேங்குதே, ஏன்?”

“எனக்கு வலி நின்னு ரொம்ப நாளாச்சுங்க.”

காரை ஓரங்கட்டி நிறுத்தினான். முகத்தில் ரத்தமே இல்லை. எப்படி நின்றது, எப்போது நின்றது என்று கேட்பான் என டீச்சர் காத்திருந்தார். அப்போதுகூட அந்தப் பைத்தியக்கார மனசு காத்திருந்தது.

“அப்ப... அந்தப் படம்?” என்றான்.

“நம்ம பாத்ரூம் தரை டைல்ஸுங்க,” என்றார் டீச்சர். “வண்டியை எடுங்க.”