பம்பருக்குப் பின்னால் ஒரு கொக்கி

தொண்ணூறுகளின் கடைசியில் நானும் என் மச்சானும் ஆஸ்டின் டவுனில் ஒரு வெல்டிங் கடை வைத்திருந்தோம். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. இரண்டு குடும்பமும் கோலார் தங்கவயலைச் சேர்ந்தவை. சுரங்கத்தில் வேலை குறையக் குறைய ஒவ்வொருவராக ரயிலேறி பெங்களூர் வந்து, கிடைத்ததைப் பிடித்துக்கொண்டோம். கேட், ஜன்னல் கிரில், தள்ளுவண்டி, தண்ணீர்த் தொட்டிக்கு ஸ்டாண்ட், இவைதான் எங்கள் பிழைப்பு. கார் வேலை எப்போதாவது வரும். அதுவும் சைலன்சர் கழன்று தொங்குகிறது என்கிற மாதிரி சில்லறை வேலைதான்.

அதனால் அந்த ஸ்போர்ட்ஸ் கார் எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது மச்சான் கையிலிருந்த ராடைக் கீழே வைத்துவிட்டான். பழைய வெளிநாட்டு வண்டி. கரும்பச்சை நிறம். இடுப்பு உயரம்கூட இல்லை. துணிக்கூரை மடங்கிப் பின்னால் கிடந்தது. ஐம்பதைத் தாண்டிய ஒருவர் அதிலிருந்து இறங்கினார். இறங்கினார் என்பதைவிட எழுந்தார் என்று சொல்லலாம், அவ்வளவு தாழ்வான சீட்.

"பின்னாடி ஒரு ஹூக் வேணும். சின்ன ட்ரெய்லர் ஒண்ணு இழுக்கணும்," என்றார்.

"இந்த வண்டிலயா சார்?" என்றான் மச்சான்.

"இதுலதான். ஆனா ஹூக் இருக்கறது தெரியக்கூடாது. கழட்டி வெச்சுட்டா வண்டி இப்ப எப்படி இருக்கோ அப்படியே இருக்கணும். அக்கம்பக்கத்துல யாரும் பார்த்துட்டு ஒரு கேள்வி கேக்கக்கூடாது."

"இன்னா லோடு வரும்?" என்று கேட்டேன்.

"நாப்பத்தாறு கிலோ."

எங்களிடம் வருகிறவர்கள் லோடு சொன்னால் நூறு இருக்கும், இருநூறு இருக்கும் என்று கையை விரிப்பார்கள். இப்படி யாரும் சொன்னதில்லை. மச்சானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அதுக்கு எதுக்கு சார் ட்ரெய்லர்? பக்கத்து சீட்ல வெச்சிகினு போய்டலாமே."

அவர் சிரிக்கவில்லை. "அதுல என் வைஃப் உக்காருவாங்க. இருக்கறதே ரெண்டு சீட்டு," என்றார்.

வேலை நாங்கள் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. பம்பரைக் கழற்றினால் உள்ளே சேசிஸின், அதாவது அடிச்சட்டத்தின், இரண்டு கால்களும் கடைசியில் துருப்பிடித்துப் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தன. அதை வெட்டிவிட்டுப் புதுத் தகடு வைத்தோம். இரண்டு காலுக்கும் குறுக்கே ஒரு சதுரக் குழாயை போல்ட் போட்டு இறுக்கி, நடுவில், நம்பர் பிளேட்டுக்கு நேர் பின்னால், இன்னொரு குழாய்த் துண்டைப் பற்றவைத்தோம். நம்பர் பிளேட்டுக்கு ஒரு கீல். பிளேட்டைக் கீழே மடக்கினால் குழாயின் வாய் தெரியும். அதில் கொக்கியின் கழுத்தைச் செருகி, கழன்றுவிடாமல் குறுக்கே ஒரு இரும்பு ஊசி போட்டால் டிராக்டரில் இருப்பது போல ஒரு இரும்பு உருண்டை வெளியே நிற்கும். உருவிச் சாக்கில் சுற்றி டிக்கியில் வைத்துவிட்டால் ஒன்றுமே இல்லை. செய்து முடித்ததும் பத்தடி தள்ளி நின்று பார்த்தேன். எனக்கே தெரியவில்லை.

மழைக்கு முன்பு ஒருநாள் அவர் திரும்பி வந்தார். ட்ரெய்லர் வால் ஆட்டுகிறது, வேகம் எடுத்தால் இடமும் வலமும் இழுக்கிறது என்றார். நம்பர் பிளேட்டை மடக்கி, கொக்கியைச் செருகிப் பார்த்தேன். உருண்டையில் கிரீஸ் போய் இரும்பு பளபளவென்று தேய்ந்திருந்தது. நிறைய ஓட்டியிருக்கிறார்.

"ட்ரெய்லரைப் பார்க்காம ஒண்ணும் சொல்ல முடியாது சார்."

"வீட்டுக்கு வாங்க. ஞாயித்துக்கிழமை வாங்க."

அவர் வீடு ஹெப்பகோடியைத் தாண்டி, புதிதாக மனை பிரித்த ஒரு லேஅவுட்டில் இருந்தது. மச்சானும் நானும் பஸ்ஸில் போனோம். பாதி மனைகள் காலி, அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடுகள். அவர் மனைவி வாசலில் நின்றிருந்தார். மெலிந்த, நிதானமான பெண்மணி. வெயிலில் வந்தீர்களே என்று தண்ணீர் கொடுத்தார்.

ட்ரெய்லரைப் பார்த்தேன். அத்திபெலேயில் யாரோ செய்தது. நல்ல வேலை. இரண்டு சக்கரம், மரப்பலகைத் தளம், மூன்று பக்கம் தாழ்ந்த தடுப்பு, பின்பக்கம் மட்டும் திறப்பு. அந்தத் திறந்த விளிம்பில் பூப்போட்ட உறை தைத்த ஒரு மெத்தை கட்டியிருந்தது. மெத்தைக்குப் பக்கத்தில், கை பிடித்துக்கொள்ளும் உயரத்தில் வளைத்த ஒரு கம்பி. வேறு எதுவும் இல்லை.

"லோடு ஏத்திடலாமா சார்? இழுத்துப் பார்த்துடலாம்," என்றேன்.

அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் ட்ரெய்லரின் பின்பக்கம் போய் மெத்தையை நேராக்கினார். ஒரு நிமிடம் அங்கேயே நின்றார்.

"ஏறியாச்சு. நீங்க கெளம்புங்க," என்றார்.

நான் சரியாகக் காதில் வாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். மச்சானை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு காரில் அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். வண்டி அத்திபெலே பக்கம் திரும்பியது.

காலி ட்ரெய்லர் இழுத்தவர்களுக்குத் தெரியும், அது தகர டப்பா மாதிரி குதிக்கும், பலகையும் போல்ட்டும் கடகடவென்று பேசிக்கொண்டே வரும். இது பேசவில்லை. ஓரிடத்தில் அழுத்தி உட்கார்ந்த சுமையோடு மெத்தென்று வந்தது. பள்ளங்களில் எல்லாம் ஸ்பிரிங் அமுங்கி எழுந்தது. லாரிகள் குறைந்து சாலை விரிந்த இடத்தில் அவர் வேகம் எடுத்தார். உடனே ஆட்டம் ஆரம்பித்தது. என் முதுகுக்குக் கீழே வண்டியின் பின்பாகம் ஒருமுறை இடப்பக்கம் நகர்ந்தது, பிறகு வலப்பக்கம். ஸ்டீயரிங்கை அவர் இறுக்கிப் பிடித்திருந்தார்.

எனக்கு வேலைப் புத்தி. ட்ரெய்லரில் நாங்கள் எதையும் ஏற்றவில்லை என்பதை மறந்துவிட்டு, எல்லாரிடமும் சொல்வதையே சொன்னேன். "லோடு கடைசில இருக்கு சார். பின்னாடி வெயிட் ஜாஸ்தி ஆனா வால் ஆட்டத்தான் செய்யும். கொஞ்சம் முன்னாடி நகர்த்தணும்."

அவர் கண்ணாடியைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"முன்னாடி தள்ளி உக்காரும்மா. அங்கிள் சொல்றாரு பாரு."

பின்னால் பலகை ஒருமுறை முனகியது. கொக்கியின் மேல் பாரம் இறங்குவது என் சீட்டு வழியாகத் தெரிந்தது. ஆட்டம் நின்றுவிட்டது.

தங்கவயலில் வளர்ந்தவனுக்குக் காலடி நடுங்குவது புதிதில்லை. பூமிக்கடியில் பாறை வெடித்தால் மேலே தொழிலாளிகளுக்குக் கட்டிய எங்கள் லைன் வீட்டுப் பாத்திரமெல்லாம் உருளும். அம்மா அதை எடுத்து அடுக்கிவிட்டு வேலையைப் பார்ப்பாள். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கீழே என்ன என்று எங்களுக்குத் தெரியும். அன்றைக்கு அந்த வண்டியில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை. வீடு வரும்வரை சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது மச்சான் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தான். என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"ஒரே பொண்ணு மாமா. பத்தொம்போது வயசு. காய்ச்சல்ல போய்ட்டுது. ரெண்டு வருசம் ஆவுதாம். அந்தம்மா டீ குடுத்துகினே சொல்றாங்க, ஊருக்குப் போயிருக்கான்னு சொல்ற மாதிரி."

அந்தப் பெண்ணுக்கு இந்தப் பச்சை வண்டி என்றால் உயிராம். மூன்று பேராகப் போகும்போது இடமில்லை என்று வேறு வண்டியில் அழைத்துப் போவார்களாம். ஒவ்வொரு தடவையும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாளாம்.

"போய்டலாம் மாமா," என்றான் மச்சான்.

ஆனால் அவர் எங்கள் பக்கத்தில் வந்து நின்றார். "எப்பவும் சொல்லிக்கிட்டே இருக்க முடியாது தம்பி. அவளுக்குக் காலைத் தொங்கப் போட்டுக்கிட்டு கடைசிலதான் உக்காரணும். அப்படியே உக்கார்ந்தாலும் ஆடாத மாதிரி ஏதாவது செய்ய முடியுமா?"

அவர் கேட்ட விதத்தில் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ட்ரெய்லரிலிருந்து கொக்கிவரை முன்னால் நீளும் கம்பியை இன்னும் நீட்டினால் ஆட்டம் குறையும். அதைச் சொன்னேன். அந்த வாரமே ட்ரெய்லரைக் கடைக்குக் கொண்டுவந்து விட்டார். மச்சான் அதைத் தொடவில்லை. நானே வெட்டி, ஒரு கை நீளத்துக்கு இரும்பு சேர்த்துப் பற்றவைத்துக் கொடுத்தேன்.

மழை முடிந்து குளிர் தொடங்கிய சமயம், ஒரு காலையில் இருவரும் சேர்ந்து வந்தார்கள். இந்தத் தடவை ட்ரெய்லரை மாட்டியபடியே தெருவுக்குள் வந்தார்கள். நம்பர் பிளேட் மடங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. யார் பார்த்தாலும் பரவாயில்லை என்பது போல இருந்தது. அவர் இறங்கினார். அந்த அம்மாள் இறங்கவில்லை.

"ஆடவே மாட்டேங்குது," என்றார்.

"நல்லதுதானே சார்?"

"இல்ல தம்பி. நீங்க நீட்டின கொஞ்ச நாள் நல்லா இருந்துது. ஆடலைன்னாலும் இருக்கான்னு தெரியும். இப்ப இருக்காளா இல்லையான்னே தெரியல. பழையபடி குறைச்சுக் குடுத்துடுங்க."

மச்சான் முன்னால் வந்தான். "பக்காவா ஓடுற வண்டிய ஏன் சார் கெடுக்கணும்? ஆக்சிடென்ட் ஆச்சுன்னா?"

காரிலிருந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சொன்னார். "குறைச்சுடுங்க தம்பி. எங்களுக்கு அந்த ஆட்டம் இருந்தா போதும்."

குறைத்தேன். பற்றவைத்த இடம் ஆறியதும், ஓட்டிப் பார்க்க என்னையும் வரச் சொன்னார். இரண்டு சீட்டிலும் அவர்கள் இருந்தார்கள். எனக்கு இடம் ட்ரெய்லரில்தான். மச்சான் என் கையைப் பிடித்து, "ஏறாத மாமா," என்றான். அவன் சொன்ன பிறகுதான் எனக்கே பயம் வந்தது. ஆனாலும் ஏறினேன். செய்த வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போக எனக்கு எப்போதும் வராது.

மெத்தைப் பக்கம் போகவில்லை. முன் தடுப்பில் சாய்ந்து பின்பக்கம் பார்க்க உட்கார்ந்தேன். என் எதிரே அந்த மெத்தை இருந்தது. ஓசூர் ரோட்டில் போகும்போது பின்னால் வந்த லாரிக்காரர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்த அம்மாள் அடிக்கடி திரும்பிப் பார்த்தார். அவர் பார்வை என்மேல் நிற்காமல் என்னைத் தாண்டிப் போனது. ட்ரெய்லர் ஆடவில்லை. ஆனால் காலியாகவும் இல்லை. பலகை சத்தமே போடாமல், அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது போலவே மெத்தென்று வந்தது. என் பாரம்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டேன். மெத்தையின் நடுவில் துணி கொஞ்சம் உள்வாங்கியிருந்தது. அதையே பார்க்கக்கூடாது என்று பக்கவாட்டில் பார்த்தேன்.

ஹெப்பகோடி தாண்டி ஒரு வேகத்தடை. வண்டி நின்று நின்று ஏறி இறங்கியது. சக்கரங்கள் இறங்கிய பிறகு பின்பக்கம், இடது ஓரமாக, லேசாக எழும்பியது. வேகத்தடையில் எழும்பத்தான் செய்யும். எழும்பினால் திரும்ப அமுங்க வேண்டும். அது அமுங்கவில்லை. ஸ்கூட்டரின் பின்சீட்டிலிருந்து ஒருவர் இறங்கும்போது ஓட்டுகிறவனுக்குத் தெரியுமே, அப்படித்தான் இருந்தது. அடுத்த நொடி பலகையும் போல்ட்டும் கடகடக்க ஆரம்பித்தன. நான் உட்கார்ந்திருக்கும்போதே அது காலி வண்டி மாதிரி குதித்தது.

"சார், நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

ஓரம்கட்டினார். இருவரும் இறங்கி வந்தார்கள். சொல்லலாமா என்று யோசிக்கக்கூட நேரமில்லை. அவர்கள் முகம் அப்படி இருந்தது.

"அந்த ஹம்ப் கிட்ட பின்னாடி லேசாயிடுச்சு மேடம்," என்றேன்.

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

அந்த அம்மாள் திரும்பி நடந்தார். வேகத்தடைக்கு இடப்பக்கம் ஒரு பஸ் ஸ்டாப் இருந்தது. சிமெண்ட் கூரை, சிமெண்ட் பெஞ்ச். அந்த மத்தியான வெயிலில் யாருமே இல்லை.

"இங்கதான் காலேஜுக்கு பஸ் ஏறுவா," என்றார் அவர், என்னிடம்.

அந்த அம்மாள் பெஞ்சின் ஒரு ஓரத்தில், இன்னொருவருக்கு இடம் விட்டு உட்கார்ந்தார். கணவர் போய் எதிரில் நின்றார். நான் ட்ரெய்லர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது. ஒரு டவுன் பஸ் வந்தது. நான் கை காட்டவில்லை. டிரைவரே நிறுத்தினார். முன்கதவும் பின்கதவும் திறந்தன. யாரும் ஏறவில்லை. கண்டக்டர் பெஞ்சுப் பக்கம் பார்த்து, "பேக பன்னி அம்மா," என்று கன்னடத்தில், சீக்கிரம் வரச் சொல்லி அவசரப்படுத்தினார். சற்றுப் பொறுத்து விசில் கொடுத்தார். பஸ் போனது. அந்த அம்மாள் எழுந்து அது கண்ணில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் கூப்பிட்டது அந்த அம்மாளைத்தான் என்று நான் பிற்பாடு எனக்குச் சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு, அங்கே நின்றபோது, அப்படித் தோன்றவில்லை.

சில வாரம் கழித்து அவர் தனியாக வந்து, ட்ரெய்லரைக் கழற்றி எங்கள் கடை வாசலில் விட்டார்.

"இனிமே வேணாம் தம்பி. நீங்களே வெச்சுக்குங்க."

"மேடம் எப்படி இருக்காங்க சார்?"

"தூங்கறாங்க. ரொம்ப நாளைக்கு அப்புறம் ராத்திரி நல்லா தூங்கறாங்க." கொஞ்சம் நிறுத்தி, "எனக்குத்தான் வரல," என்றார்.

கொக்கியையும் எடுத்துவிடவா என்று கேட்டேன். வேண்டாம், அதுதான் தெரியவில்லையே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

கேஸ் சிலிண்டர் கொண்டுவர அந்த ட்ரெய்லர் உதவும் என்று எனக்கு ஒரு எண்ணம். மச்சான் ஒத்துக்கொள்ளவே இல்லை. பிரித்துப் போட்டுவிடலாம், பிரித்தால் எல்லாம் இரும்புதானே என்றான். கட்டரை எடுத்து அவனேதான் அறுத்தான். அறுத்து முடிக்கும்வரை மட்டும் என்னை எங்கேயும் போகவிடாமல் பக்கத்திலேயே நிற்கச் சொன்னான்.